நோயோடு இருக்கிறவருக்குச் சிரிப்புச் சரக்கு: எது, எப்போ, எவ்வளவு நேரம்?

தெப்பக்குளத்தான் (இழையைத் தொடங்கியவர்), காலை 6.40

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்ற வரியை மட்டும் இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். பார்க்க வருகிற எல்லாரும் அதைச் சொல்லி, ஆப்பிள் பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சிரிப்பை எங்கிருந்து கொண்டுவருவது என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

வேண்டியது செய்முறை. டயாலிசிஸ், கீமோ, ஆபரேஷன், இளைப்பு, பக்கவாதம் என்று ஒவ்வொன்றுக்கும் எந்த மாதிரிச் சரக்கு ஒத்துவரும், எத்தனை நிமிஷம், எங்கே வம்பாகும்? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களும் வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

---

நாலுமணிநேரம், காலை 7.15

டயாலிசிஸைச் சொல்றேன்ணே. ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 2 இல்லேன்னா 3 தடவை. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வச்ச இடம்) இருக்கிற கையில 2 ஊசி இருக்கும், அந்தக் கை அசையக் கூடாது. குலுங்கிச் சிரிச்சா ஊசி முனை ரத்தக்குழாய்ச் சுவர்ல முட்டும், லைன்ல அழுத்தம் மாறும், மெஷின் கத்தும். அதனால முதல்ல கையை நீட்டி, அடியில சின்னத் தலையணை வச்சுக்கங்க. போனைக் கையில பிடிக்காம மறுபக்கம் ஸ்டாண்டுல நிறுத்துங்க. இயர்போன் ஒரு காதுல மட்டும். இன்னொரு காது மெஷினுக்கும் சிஸ்டருக்கும்.

நேரம் பார்த்துப் போடணும். முதல் அரை மணி நேரம் ஊசி, பிரஷர்னு போயிரும். நல்ல நேரம்னா ரெண்டாவது மணியும் மூணாவது மணியும்தான். கடைசி மணி நேரத்துல பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். அப்போ காமெடி போட்டா எரிச்சல்தான் வரும், பழைய பாட்டு போதும். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே கொட்டாவி மேல கொட்டாவி, வேர்வை, கண்ணு இருட்டுறதுன்னு வந்தா போனை நிறுத்திட்டு உடனே ஆளைக் கூப்பிடணும். ஊசி போட்ட இடம் வீங்கினாலும் நனைஞ்சாலும் அப்படித்தான்.

சரக்குன்னு பார்த்தா வெடிச்சிரிப்பு இங்க ஆகாது. மெல்ல மெல்லக் கொதிக்கிற சரக்கு வேணும். பட்டிமன்றம் அதுக்குன்னே செஞ்சது.

---

கூடல்பறவை, காலை 7.32

பட்டிமன்றமா? அந்தக் காலத்து ஆளுங்களுக்குச் சரி. சின்ன வயசுக்காரங்க 30 வினாடி வீடியோவைத் தள்ளிக்கிட்டே போறதுதானே வழக்கம்?

---

நாலுமணிநேரம், காலை 7.50

அந்தத் தள்ளுறதுலதான் வம்பு. ஒரு சிரிப்பு வரும், அடுத்தது விபத்து, அதுக்கடுத்தது "இந்த 5 அறிகுறி இருந்தா உங்க கிட்னி போச்சு". படுத்துக்கிட்டு ஊசியோட பார்க்கிற சமாச்சாரமா அது? அதோட 30 வினாடிக்கு ஒருக்கா விரலை நகர்த்தணும், இருக்கிறது ஒரே கை.

பட்டிமன்றத்துல ஒருத்தர் பேச்சு பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஓடும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு, நடுவுல மூச்சு விட இடம். சாலமன் பாப்பையா நடுவரா இருக்கிறதுல அரங்கத்துச் சிரிப்பும் சேர்ந்து கேட்கும், அது தனியாப் படுத்திருக்கிறவருக்குப் பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கிட்டும் கேட்கலாம். சர்க்கரையால பார்வை மங்கினவங்க டயாலிசிஸ்ல நிறைய பேர், அவங்களுக்குப் படமே தேவையில்ல.

முந்தின நாள் ராத்திரியே இறக்கி வச்சுக்கங்க. மொத்தம் 40, 50 நிமிஷத்துக்கு மேல வேண்டாம். தானா அடுத்தது ஓடுற வசதியை அமைப்புல போய் நிறுத்திருங்க.

---

மேலூர் வாத்தியார், காலை 9.05

சரக்கைத் தேர்ந்தெடுக்கத் தமிழில் ஏற்கெனவே ஒரு சல்லடை இருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாட்டில் (உணர்ச்சி வெளிப்பாட்டில்) முதலில் வைப்பது நகையை, அதாவது சிரிப்பைத்தான். அது பிறக்கும் இடம் நாலு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். படுக்கைப் பக்கம் வைத்துப் பாருங்கள், நாலும் நாலு விதமாக வேலை செய்யும்.

எள்ளல் கேலி. பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் இதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது. இரண்டாவதன் சாவி நோயாளி கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். "என் தலை திருமலை நாயக்கர் மகால் தூண் மாதிரி வழவழன்னு ஆயிருச்சு" என்று அவர் சொன்னால் சிரியுங்கள். நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். நம்ம ஊர் லந்து மற்ற நாளில் மருந்து, முடி கொட்டிய வாரத்தில் ஊசி. கவுண்டமணி, செந்திலின் உருவத்தை வைத்துத் திட்டும் காட்சிகளையும் அந்த வாரத்தில் ஒத்திப்போடலாம்.

இளமை என்பது பிள்ளைத்தனம். மழலைப் பேச்சு, ஆட்டுக்குட்டி துள்ளுவது, நாய்க்குட்டி தன் வாலைத் துரத்துவது. யாருக்கும் கெடுதல் இல்லை. மிகச் சோர்ந்த நாளுக்கு இதுதான்.

பேதைமை என்பது அறியாமை. அதில் மதுரைக்காரர் வடிவேலுதான் அரசர். சவடால் விடுவார், அடுத்த நிமிஷம் அடி வாங்குவார். ஊசி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு, இன்னொருத்தர் வாங்குவதைப் பார்க்கத் தனி நிம்மதி. அவர் வலியில் முகம் கோணுவதைப் பார்த்துத் தன் முகத்தையே அடையாளம் கண்டு சிரிப்பவர்களும் உண்டு.

மடன்: உரைகாரர் சொல்வது "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது. வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தோடு பார்க்க வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரக்குக்குக் காசே கிடையாது, வீடு தேடி வரும்.

---

சிம்மக்கல் சிஸ்டர், காலை 10.20

வாத்தியார் ஐயா முடி பற்றிச் சொன்னது சரி. பல கீமோ மருந்துகளில் முதல் தடவை ஏற்றி 2, 3 வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அதற்கு முன்பே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கீமோவுக்கு நாள்கணக்கு முக்கியம். மருந்து ஏறுகிற அன்று ஒவ்வாமைக்கு முன்கூட்டிப் போடும் ஊசியிலேயே தூக்கம் வந்துவிடும், எதையும் போட்டுக் காட்டாதீர்கள். அடுத்த மூன்று, நான்கு நாள் குமட்டல். அந்த நாட்களில் சாப்பாட்டுக் காட்சி எதுவும் ஆகாது. சூரியின் ஐம்பது பரோட்டா காமெடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சால்னாவைப் பார்த்த உடனே பேசினைத் தேடுவார்கள். வாந்தி எடுக்கும் காட்சிகளும் அப்படியே. பேச்சு நகைச்சுவை, அதுவும் 5 நிமிஷத் துண்டாக, போதும். கேமரா ஆடுகிற வீடியோ, வேகமாக வெட்டி ஒட்டியது, இரண்டும் குமட்டலைக் கூட்டும்.

பிறகு வாய்ப்புண். வாயை விரித்துச் சிரித்தால் உதட்டோரம் வெடிக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன் கலந்து சில மணிக்கொரு முறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், விழுங்கக் கூடாது. உதட்டில் வாஸ்லின். சிரிக்கப் போகிறோம் என்றால் அதற்கு முன்பே.

பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், தொற்று எளிதில் ஒட்டும். அந்த வாரத்தில் சிரிப்பு மன்றம், கோயில் திருவிழா, கூட்டமான கல்யாணம் எதற்கும் கூட்டிப் போகாதீர்கள். "நாலு பேரைப் பார்த்தா மனசு தேறும்" என்று சொல்கிற பெரியவர்களிடம் போனில் வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் காமெடியாவது ஒன்றாவது, நேரே ஆஸ்பத்திரி.

---

எண்ணிப்பார், காலை 11.00

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிரிப்பு மருந்து என்று ஆளாளுக்கு எழுதுவதற்கு முன் ஒரு கணக்கு. அமெரிக்கப் பத்திரிகையாளர் நார்மன் கசின்ஸ் 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்: முதுகெலும்பு நோயில் படுத்திருந்தபோது 10 நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் 2 மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று. அதைத்தான் உலகமே திருப்பிச் சொல்கிறது. ஆனால் அது ஒரே ஆள். கூடவே வைட்டமின் சியையும் ஏகத்துக்கு ஏற்றிக்கொண்டார். எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

இன்னும் கொஞ்சம் உறுதியானது 2011இல் ஆய்வாளர் ராபின் டன்பரின் குழு வெளியிட்டது. சேர்ந்து சிரித்த பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடியது. வலி போகவில்லை, தாங்கும் அளவு கூடியது. உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன் கண்டது இன்னொன்று: தனியாக இருக்கும்போதைவிடக் கூட ஆள் இருக்கும்போது மனிதர் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார். ஆகவே சரக்கைத் தேடுவதில் பாதி நேரத்தைக் கூடச் சிரிக்க ஒரு ஆளைத் தேடுவதில் செலவழியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

---

தெப்பக்குளத்தான், காலை 11.10

அந்த 30 மடங்கு பெரிய சமாச்சாரம்ணே. அப்போ போனைக் கையில் குடுத்துட்டுப் போறது பாதி வேலைதான்.

---

திருநகர் இயன்முறை, பகல் 12.45

சிரிப்பு வந்தால் உடம்புக்குள் என்ன ஆகிறது என்று பார்த்தால் எங்கே ஆபத்து என்பது தானாகத் தெரியும். உதரவிதானமும் வயிற்றுத் தசையும் பட் பட்டென்று இறுகும், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். இருமலுக்கு ஆகிறதுதான் இங்கேயும்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்: குளிக்கிற துண்டை நாலாக மடித்து அல்லது சின்னத் தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். முழங்காலை மடித்துக்கொண்டால் வயிற்றுத் தோல் தளரும். சிரிப்பு கிளம்பிய பிறகு தேடினால் கிடைக்காது, தலையணை முன்கூட்டியே மடியில் இருக்க வேண்டும். முதல் 6 வாரம் இந்த ஏற்பாடு. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தவர் தலையணையை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். நெஞ்செலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். சிரிக்கும்போது நெஞ்சில் "க்ளக்" என்று சத்தமோ எலும்பு நகர்கிற உணர்வோ வந்தால் டாக்டரிடம் காட்டணும். குடலிறக்கம் இருப்பவர், கண் ஆபரேஷன் ஆகி சில நாளே ஆனவர், விலா எலும்பு உடைந்தவர், இவர்களெல்லாம் வெடிச்சிரிப்பைத் தள்ளிப்போட வேண்டியவர்கள். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்துவிட்டு வந்த தாத்தாவை அன்றைக்கே சிரிப்பு மூட்டி உலுக்காதீர்கள்.

இளைப்பு இருப்பவர் சாய்ந்து படுத்துப் பார்க்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் தொடையிலோ மேசையிலோ ஊன்றிக்கொண்டு பார்க்கணும். நீலப் பம்ப் (இளைப்பை உடனே தணிக்கிற இன்ஹேலர்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். சிரித்து இருமல் பிடித்துக்கொண்டால் மூக்கால் இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஊதி விடுங்கள். ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் இளைப்பு வந்தால், குற்றம் சிரிப்பில் இல்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், மருந்தளவை டாக்டர் பார்க்கணும்.

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்று: சிரித்தால் சிறுநீர் கசிவது. இதற்குப் பயந்தே பலர் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பார்ப்பதற்கு முன் கழிப்பறை போய்விட்டு வரணும். சிரிப்பு கிளம்புகிற நொடியில் சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கிப் பிடிக்கணும். தினமும் அந்தத் தசையை 5 வினாடி இறுக்கி 5 வினாடி விட்டு, 10 தடவை, நாளைக்கு மூன்று முறை பழகினால் இரண்டு மூன்று மாதத்தில் பலருக்குக் குறையும்.

---

ஒத்தக்கடை அக்கா, பகல் 1.30

பக்கவாதம் வந்தவங்க பத்தியும் சொல்லுங்க தம்பி. சில பேரு சாவு வீட்ல உக்காந்து சிரிக்கிறாங்க, சீரியல் விளம்பரத்துக்கு அழறாங்க. சொந்தக்காரங்க புத்தி பேதலிச்சுருச்சுங்குறாங்க.

---

திருநகர் இயன்முறை, பகல் 2.05

பேதலிக்கவில்லை அக்கா. மூளையில் சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைக்கிற பாதை அறுந்துபோனதால் வருவது. உள்ளே துக்கமாக இருக்கும்போதே வெளியே சிரிப்பு வரும். அவருக்கே அது வேதனை. "எதுக்குச் சிரிக்கிறே" என்று கேட்காமல் பேச்சை மாற்றுங்கள், எதிரே இருக்கிற பொருளை எண்ணச் சொல்லுங்கள், மெல்ல மூச்சு விடச் சொல்லுங்கள். குறைக்க மாத்திரை உண்டு, நரம்பு டாக்டரிடம் கேட்கணும்.

பார்க்கின்சன் இதற்கு நேர் எதிர். முகத்தசை இறுகி இருக்கும், உள்ளே ரசித்துக்கொண்டே இருப்பார், முகத்தில் ஒன்றும் தெரியாது. "ரசிக்கலையே" என்று நிறுத்திவிடாதீர்கள். போதுமா, இன்னும் வேணுமா என்று கேட்டுப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள்.

பேச்சுப் புரியாமல் போனவருக்குச் சாப்ளின் மாதிரி பேச்சில்லாத படம். வசன காமெடி போட்டால் எல்லாரும் சிரிக்க, தான் மட்டும் விளங்காமல் இருக்கிற கொடுமை.

---

உசிலைப் பையன், மாலை 4.10

ஊர்ப்பக்கத்துப் பெருசுகளுக்கு டிவி காமெடியே ஏறாதுங்க. அவங்களுக்கு வள்ளி திருமணம் நாடகப் பதிவு போடுங்க. கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய நடக்குறது, போன்ல நிறையக் கிடக்கு. ஆரம்பத்துலயே பபூன் (நாடகக் கோமாளி) வருவாரு, அப்புறம் பபூனும் டான்ஸ் ஆடுறவங்களும் சேர்ந்து அலப்பறை. அந்த முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கிட்டாப் போதும். முருகன் வர்றதுக்குள்ள தாத்தா தூங்கிருவாரு.

ஒண்ணே ஒண்ணு, மருமக பக்கத்துல இருக்கும்போது போடாதீங்க. பபூன் பேச்சு ரெட்டை அர்த்தம் இல்ல, நாலு அர்த்தம். முதல்ல நீங்க கேட்டுப் பாத்துட்டுக் குடுங்க.

---

கூடல்பறவை, மாலை 4.40

பார்க்குல காலையில கைதட்டி ஹோ ஹோ ஹா ஹானு சிரிக்கிறாங்களே, அதுக்குக் கூட்டிப் போகலாமா? பாக்கவே கூச்சமா இருக்கு.

---

சிம்மக்கல் சிஸ்டர், மாலை 5.25

1995இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஐந்து பேரை வைத்து ஒரு பூங்காவில் தொடங்கியது. காரணமே இல்லாமல் சிரித்துப் பழகுவது. கூச்சம் இரண்டாவது நாளில் போய்விடும். முதலில் பொய்ச் சிரிப்பாகத்தான் இருக்கும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்ததும் நிஜச் சிரிப்பாகிவிடும்.

நோயாளிக்கு உட்கார்ந்தே செய்யலாம். கைப்பிடி உள்ள நாற்காலி. அரை நிமிஷம் சிரிப்பு, பிறகு இரண்டு நீண்ட மூச்சு. இப்படி 6, 7 சுற்று, 10 நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். சித்திரை வைகாசியில் காலை 7 மணிக்கு முன்னால். திருநகர் தம்பி மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்களும் கட்டுக்கடங்காத பிரஷர்காரர்களும் வேடிக்கை பார்த்தால் போதும்.

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் சிரித்தால் அல்லது சிடுசிடுத்தால் அது நகைச்சுவை இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கலாம். விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் சர்க்கரை 3 டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

சேர்த்து இதையும்: எதைப் போட்டாலும் சிரிப்பு வரவில்லை, பிடித்த எதிலும் ஆசையில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டு 2 வாரம் ஆகிவிட்டது என்றால் காமெடியை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவம் உண்டு. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

---

ஒத்தக்கடை அக்கா, இரவு 7.50

எண்ணிப்பார் தம்பி ஆளைத் தேடுங்கன்னு சொன்னீங்க, ஆளு தானா வந்துக்கிட்டேதான இருக்கு. அவங்களையே சரக்காக்கிக்கிரலாம். இதுக்குக் கட்டம்னு பேரு.

40 பக்க நோட்டுல ஒரு தாளு. நீளவாட்டுல 4, அகலவாட்டுல 4, மொத்தம் 16 கட்டம். பார்க்க வர்றவங்க சொல்ற வசனத்தை ஒவ்வொண்ணுலயும் எழுதுங்க. "ஆளே பாதியாயிட்டீங்களே." "எந்த டாக்டர்? அவரா..." "எங்க சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான், பத்து நாள்ல போய்ச் சேர்ந்துட்டாரு." "பப்பாளி இலைச் சாறு." "எல்லாம் மனசுதான்." "இந்த வயசுலயா?" "ஒரு பரிகாரம் இருக்கு." ஒருத்தர் சொன்னதும் நோயாளியும் கூட இருக்கிறவங்களும் கண்ணைப் பாத்துக்கிட்டு, அவங்க போனப்புறம் அடிக்கணும். ஒரு வரிசை நிறைஞ்சா, கூட இருக்கிறவங்க ஒரு ரவா தோசை இல்ல பருத்திப்பால் வாங்கிக் குடுக்கணும், பத்தியத்துக்குள்ள.

எப்போ கெடும்னா, வந்தவர் இருக்கும்போதே சிரிச்சுட்டா. இன்னொண்ணு, பென்சில்ல அடிங்க. பேனாவுல அடிச்ச தாளை அவங்க கண்ணுல படுற மாதிரி விட்டுட்டா வாழ்நாள் பகை. சித்தப்பா கட்டத்தை நோயாளியே சொல்லித்தான் எழுதணும். அவருக்கு அது சுருக்குன்னு குத்துச்சுன்னா அதை எடுத்துட்டு "ஹார்லிக்ஸ் குடிங்க"ன்னு எழுதிக்கங்க.

அதே நோட்டுல பின்பக்கம் தேதி, என்ன பாத்தாங்க, எவ்வளவு சிரிச்சாங்கன்னு 0 முதல் 3 வரை, வலி முன்ன பின்ன 0 முதல் 10 வரை. ரெண்டு வாரத்துல எந்தச் சரக்கு எந்த நேரத்துல எடுபடுதுன்னு தெரிஞ்சுரும்.

---

மேலூர் வாத்தியார், இரவு 8.15

மடன் என்று நான் சொன்னதை அக்கா கட்டம் போட்டே காட்டிவிட்டார்.

---

உசிலைப் பையன், இரவு 8.30

சின்னப் பிள்ளைங்க வார்டுல ஆஸ்பத்திரி கையுறையை ஊதி சேவல் செஞ்சு குடுக்கிறாங்களே, அது சரிங்களா?

---

சிம்மக்கல் சிஸ்டர், இரவு 8.55

புதுக் கையுறையாக இருக்க வேண்டும், லேடெக்ஸ் ஒவ்வாமை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நாம் பிடித்துக்கொண்டு காட்டலாம், பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகரக் கூடாது. வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம், எட்டு வயது வரை இந்தப் பயம் உண்டு. உங்கள் விரலிலேயே பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து பேசவிடுங்கள், அதற்கு அதைவிட அதிகமாகவே சிரிப்பார்கள். ராத்திரி 9 மணிக்கு மேல் வேண்டாம். பொது வார்டில் பக்கத்துக் கட்டிலில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சத்தமாகச் சிரிக்க வேண்டும்.

---

தெப்பக்குளத்தான், இரவு 9.10

அக்கா, கட்டத்துல ஆப்பிளைச் சேர்க்கலாமா? எல்லாரும் கொண்டு வர்றாங்க, முதல் நாளே அடிபட்டுரும்.

---

நாலுமணிநேரம், இரவு 9.22

ஆப்பிள்ல பொட்டாசியம் கம்மிண்ணே, டயாலிசிஸ்காரருக்கு ஒரு சின்னத் துண்டு பரவாயில்ல, அதுக்குக் கட்டம் வேண்டாம். பொட்டாசியம் ஜாஸ்தியான இளநியும் வாழைப்பழத் தாரும் கொண்டு வர்றவருக்கு ரெண்டு கட்டம் சேர்த்து அடிங்க. இளநியை வெட்டி, கொண்டு வந்தவரையே குடிக்க வச்சு அனுப்புங்க.